பெயர் வேண்டாதவர்

மலேரியா ஆண்டில் கொழும்பு நகரமே தர்மம் செய்தது. கேகாலைப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகச் சாவு விழுந்துகொண்டிருந்தது. நிவாரண நிதிக்குக் கொடுத்தவர்களின் பெயர்களைப் பத்திரிகைகள் தொகையோடு பத்தி பத்தியாக வெளியிட்டன. கம்பனிகள், கிளப்புகள், பாடசாலைகள், செட்டியார் தெருக் கடைகள் எல்லாம் அதில் இருந்தன. இவ்வளவு தர்மப் பணம் புழங்கித் தாங்கள் கண்டதில்லை என்று பழைய ஆட்கள் சொன்னார்கள்.

அதே மாதங்களில்தான் கொட்டாஞ்சேனையில் ஐறீன் மிஸ்ஸின் பால் மடுவத்துக்கு வந்துகொண்டிருந்த உதவிகள் ஒவ்வொன்றாக நின்றன.

ஐறீன் மருத்துவிச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளில் தாய்ப்பால் போதாத குழந்தைகளுக்குக் காலையில் பால் காய்ச்சிக் கொடுத்துவந்தார். வழக்கமாகக் கொடுத்தவர்கள், “இந்த முறை நிதிக்குப் போட்டிட்டம், மிஸ்” என்றார்கள். அது பொய்யில்லை. அவர்களுடைய பெயர்களை அவரும் பத்திரிகையில் பார்த்திருந்தார்.

மிஞ்சியவர் கொச்சிக்கடை அரிசி வியாபாரி ஸாலிஹ் ஹாஜியார் ஒருவரே. பால்காரனின் கணக்கை மாதாமாதம் அவர்தான் தீர்த்தார். தன் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது மட்டுமே அவர் கேட்டது. அதை ஐறீன் ஒரு மரியாதைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டார். மாதா கோயில் திருநாளில், “என்ர பேரை வாசிக்க வேண்டாம், சுவாமி” என்று சொல்லும் உபயகாரர், வாசிக்காமல் விட்டால் அடுத்த திருநாள் வரை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதை அவர் சிறுவயதிலிருந்தே கண்டவர்.

பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்த தம்பி ஹியூபேட்டும் அதையே சொன்னான்.

“பேர் போடாட்டி ஆர் அக்கா சல்லி தருவினம்? உங்கட மடுவம் இருக்கிறதெண்டே ஊருக்குத் தெரியாது.”

“ஹாஜியார் வேண்டாம் எண்டவர்.”

“அப்பிடித்தான் சொல்லுவினம். போட்டா வெட்டி எடுத்துப் பெட்டிக்குள்ள வச்சிருப்பினம்.”

ஐறீன் அதற்குமேல் அவனைத் தடுக்கவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் பத்திரிகையில் மடுவத்தைப் பற்றிச் செய்தி வந்தது. ஹாஜியாரின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது.

மறுநாள், மடுவத்தில் பாத்திரம் கழுவும் பழனியம்மா தாமதமாக வந்தாள்.

“ஹாஜியார் கடை வாசல்ல ஒரே சனம், அம்மா. நம்ம சந்து ஆளுங்க பூரா அங்கதான். நானும் ஒரு கொத்து அரிசி கெடைக்குமான்னு நின்னு பாத்தேன்.”

“உனக்கு வெக்கமில்லையா?”

“இருந்திச்சிங்க. அதான் பின்னாடி நின்னேன்.”

ஐறீன் உடனே கொச்சிக்கடைக்குப் போனார். ஹாஜியார் எழுந்து நாற்காலியைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

“பேர் போட்டா உங்களுக்கும் நல்லதெண்டு நினைச்சிட்டன், ஹாஜியார்.”

“உங்களோட கோவமில்ல, மிஸ். அது அல்லாஹ்வுக்காகக் குடுத்த சல்லி. நேத்து பள்ளிவாசல்ல ஆக்கள் வந்து கையப் புடிச்சாங்க. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாவும் ஈந்திச்சி.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதுதான் எனக்குப் பயம். உங்கட வேதத்திலயும் இது ஈக்கிதானே?”

இருந்தது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று. ஐறீன் தலையசைத்தார்.

“இந்த மாசத்துக் கணக்கத் தீத்துட்றன். இனி வேற எடத்துக்குக் குடுப்பன். எங்கண்டு கேக்க வாணாம்.”

“பிள்ளைகளுக்கு என்ன செய்யிறது, ஹாஜியார்?”

“அதுக்கும் ஆள் வரும், மிஸ். பேர்தான் வந்திட்டே.”

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

மாலையில் ஹாஜியாரின் எதிர்க்கடை தாஸிம் முதலாளியின் கணக்கப்பிள்ளை உறையோடு மடுவத்துக்கு வந்தான்.

“ஹாஜியார் குடுத்ததப் போல ரெண்டு மடங்கு. வருசம் முழுக்கத் தருவாராம். பேப்பர்ல பேர் மேல வரணும், மிஸ். படமும் போட்டா நல்லம்.”

ஐறீன் உறையைத் தொடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பழனியம்மா எட்டிப் பார்த்தாள்.

“அடுத்த மாசமும் பால் ஊத்தவா வேணாமான்னு பால்காரன் கேக்குறான், அம்மா. என்னன்னு சொல்ல?”

“ஊத்தச் சொல்லு.”

பிறகு அவர் கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பி, “முதலாளியின்ர முழுப்பேர் என்ன?” என்று கேட்டார். அவன் அதை இரண்டு தடவை, தெளிவாகச் சொன்னான்.