மதிப்பெண் தாளில் இல்லாத கட்டம்

இசைவாணிக்கு மூன்றாம் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதற்காக அவள் அழவில்லை. விருதுநகர் கல்லூரி மண்டபத்தில், ரோபோ போட்டியின் மேடைக்கு எதிரே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலையை மனிதர் கைபடாமல் செய்யும் இயந்திரம் வேண்டும். இதுதான் போட்டி. அந்த வேலையைத்தான் இசைவாணியின் அம்மா பொன்மணி பதினாறு வருஷமாக ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஓர் ஆலையில் செய்கிறாள்.

முதலில் இசைவாணியும் எல்லாரையும்போல மருந்துத் தட்டுக்கு மேலேயே மோட்டாரைப் பொருத்தி, மினுமினுக்கும் விளக்கெல்லாம் வைத்துத்தான் செய்தாள். வேலை முடிந்து வந்த பொன்மணி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏத்தா, நாங்க ரூமுக்குள்ள போறப்ப வாசல்ல இருக்க செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போவோம். ஒடம்புல இருக்க கரண்டு எறங்கணும்ல. நைலான் சேல கூட கட்ட விட மாட்டாக. இது எதத் தொட்டுட்டுப் போகும்?"

அன்றைக்கே இசைவாணி அதைப் பிரித்துப் போட்டாள். மோட்டாரைப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தாள். இந்தப் பக்கம் மரச்சல்லடை மட்டும். சல்லடையை இழுத்து ஆட்ட நடுவில் சைக்கிள் பிரேக் கம்பி. சல்லடையின் பித்தளை வலையிலிருந்து ஒரு செம்புக் கம்பியை இழுத்துத் தரையில் இறக்கினாள். பார்க்க லட்சணமாக இல்லை. ஒரு தட்டு கலக்க நான்கு நிமிஷம் பிடித்தது.

நடுவர் சரவணக்குமார் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மோட்டார் ஏன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டார். பொறி பறந்தால் ரூமே போய்விடும் என்றாள் இசைவாணி. இங்கே தட்டில் இருப்பது கோலப்பொடிதானே அம்மா என்று சிரித்தார். கூட இருந்த இரண்டு நடுவர்களும் சிரித்தார்கள். படித்த மனிதர்கள்! இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு அப்படிச் சிரிக்க எப்படித்தான் மனசு வந்ததோ.

முதல் பரிசு அனுப்பிரியாவின் அணிக்குப் போனது. பெரிய பள்ளிக்கூடம், பளபளக்கும் இயந்திரம், நாற்பது வினாடியில் ஒரு தட்டு. இந்த மாதிரிப் போட்டிகள்தாம் பிள்ளைகளை நிஜமான வேலைக்குத் தயார் செய்கின்றன என்று சரவணக்குமார் மைக்கில் முழங்கினார். சிறப்பு விருந்தினராக வந்திருந்த ஆலை முதலாளி சீனிவாசகம் ஒருபடி மேலே போனார். வென்ற இயந்திரத்தைத் திங்கட்கிழமையே தம் ஆலையின் பதினோராம் நம்பர் கலவை அறையில் வைக்கப்போவதாக அறிவித்தார். மண்டபம் கைதட்டியது.

பதினோராம் நம்பர் அறையில்தான் பொன்மணி வேலை பார்க்கிறாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இசைவாணிக்கு உச்சி கொதித்தது. யாரிடமும் கேட்காமல் மேடையேறினாள்.

"லைட்ட அணைங்க. சன்னலச் சாத்துங்க. அவுக மிஷின ஓட்டச் சொல்லுங்க."

சரவணக்குமார் அவளைக் கீழே இறங்கச் சொன்னார். சீனிவாசகம் என்ன நினைத்தாரோ, அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இருட்டில் அனுப்பிரியா விசையைத் தட்டினாள். மோட்டாரின் காற்றுத் துளைகளுக்குள், தட்டுக்கு ஒரு சாண் மேலே, நீல நீலமாகப் பொறிகள் விடாமல் தெறித்தன. அனுப்பிரியாதான் பதறிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினாள். எங்களுக்கு யாருமே இதைச் சொல்லவில்லையே என்றாள். அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

விளக்கு எரிந்தபோது சீனிவாசகத்தின் நெற்றி வேர்த்திருந்தது. இந்த மிஷின் என் கம்பெனி வாசலைத் தாண்டாது என்றார். பிறகு, இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று இசைவாணியிடம் கேட்டார்.

"ஒங்க கம்பெனி பதினோராம் நம்பர் ரூம் பொன்மணி. அங்கன கடைசில உக்காந்திருக்காக. எங்கம்மா."

சீனிவாசகம் கடைசி வரிசையைப் பார்த்தார். பதினாறு வருஷம் தம்மிடம் வேலை பார்த்தவளை அவர் முகம் பார்த்தது அன்றைக்குத்தான்.

சரவணக்குமாருக்கோ வேறு கவலை. முடிவு முடிவுதான் என்றார். வேகம், தோற்றம், புதுமை, பேச்சுத்திறன் என்று நான்கு கட்டங்களுக்குத்தான் மதிப்பெண் போட முடியும், பாதுகாப்புக்குத் தாளில் கட்டமே கிடையாது என்று அச்சடித்த தாளை அவள் முன்னால் நீட்டினார்.

இசைவாணி அதை வாங்கி மேஜைமேல் வைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவினாள். நான்கு கட்டங்களுக்கும் முன்னால் புதிதாக ஒரு கட்டம் வரைந்து, தலைப்பில் பாதுகாப்பு என்று எழுதி, தாளையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்தாள்.

"இப்பப் போடுங்க சார்."