ஆகட்டும் என்ற சொல்லின் நீளம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு வணிகர் சங்கம் தன் ஆண்டு மலருக்கு ‘நிர்வாகக் கோட்பாடுகள் வளர்ந்த வரலாறு’ என்று கட்டுரை கேட்டது. பேரம் பேசுகிற குடும்பத்தில் வளர்ந்தவன் நான். பத்துப் பக்கம் கேட்டவர்களை ஆறுக்கு இறக்கினேன். ஆறையும் ஒழுங்காக எழுதியிருப்பேன். உதாரணத்துக்கு ஒரு தொழிற்கூடம் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று குடைப் பட்டறைக்குப் போனதுதான் தப்பு. அங்கே சூப்பர்வைசர் அக்கா இருந்தார். கட்டுரை அன்றோடு படுத்துவிட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி: காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதியதும் தொழிலாளர்கள் சாரை சாரையாக—

(வேண்டாம். அங்கே சங்கும் இல்லை, சாரையும் இல்லை. பதினான்கு பேர், ஒரு கதவு.)

இரண்டாவது: மனிதகுலம் கூடி உழைக்கத் தொடங்கிய நாள் முதலே—

(இதை எழுதியவனை நானே அடிப்பேன்.)

மூன்றாவது: கதவுக்கு நேர் எதிரே கனத்த மர மேசை. அதற்குப் பின்னால் இருபத்திரண்டு ஆண்டுகளாக அக்கா. அவருக்கு முன்னால் நீள பெஞ்சுகளில் கம்பி மாட்டுகிறவர்கள், துணி தைக்கிறவர்கள், கைப்பிடி பொருத்துகிறவர்கள். வருகிற திங்கட்கிழமை முதல் அந்த மேசை அங்கே இருக்காது என்று பேச்சு அடிபட்டது. மேசை போனால் அக்கா எங்கே?

இதுதான் கதை. இங்கே வந்து சேர எனக்கு இரண்டு தாள் வீண்.

3

(கட்டுரையிலிருந்து தப்பிப் பிழைத்த பகுதி.)

முதலில் நிபுணர்கள் மனிதனின் கையைப் பார்த்தார்கள். பட்டறையைத் தொடங்கிய தாத்தா முதலாளி காலத்தில் ஒருவர் கடிகாரத்தோடு வந்து, ஒரு கம்பி மாட்ட எத்தனை விநாடி, மணிக்கட்டு எத்தனை முறை திரும்புகிறது என்று குறித்துக்கொண்டு போனாராம். அப்புறம் அந்தக் கைக்குச் சொந்தக்காரனுக்கு மனசு என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்; கண்டுபிடித்ததற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். சுவருக்கு வெளிர்பச்சை அடித்து, பாட்டுப் போட்டு, “வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்கச் சொன்னார்கள். பிறகு இலக்கு வந்தது. பிறகு வட்டமாக உட்கார்ந்து தரம் பேசுவது வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் அக்காவின் பெயர்ப்பலகை மாறியது: மேற்பார்வையாளர், குழுத் தலைவி, ஒருங்கிணைப்பாளர், ஊக்குநர்.

“ஊக்குநர்னு போட்டப்ப ஆளாளுக்கு வந்து என்கிட்ட ஊக்கு கேட்டாங்க” என்றார் அக்கா.

“இத்தனையிலயும் இங்க என்னதான் மாறிச்சு?”

“பலகை எழுதுறவர் மாடி வீடு கட்டிட்டாரு.”

4

“சரி, ஒவ்வொரு புதுத் திட்டத்துக்கும் பெஞ்சுல இருக்கிற இவங்க என்ன சொன்னாங்க?”

“ஆகட்டும்னாங்க.”

“அப்ப ஒத்துக்கிட்டாங்க.”

அக்கா என்னை, ஓட்டைக் குடையைத் திருப்பிக் கொண்டுவந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “ஆகட்டும்னு சட்டுனு முடிச்சா சரின்னு அர்த்தம். ஆகட்டூம்னு இழுத்தா, நீ தலைகீழா நின்னாலும் நடக்காதுன்னு அர்த்தம். இந்தப் பட்டறைக்கு வந்த அத்தனை நிபுணருக்கும் இழுத்துத்தான் சொல்லியிருக்கோம்.”

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கடைத்தெருவில் “ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்” என்று படியிறங்கியவர் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. அதன் ஒன்றுவிட்ட தம்பிதான் இந்தச் சொல்.

(ஒரு குறிப்பு: அன்று அந்தச் சொல் அத்தனை முறை வந்ததால், என் நோட்டில் அதைச் சுருக்கி ‘ஆ.’ என்று எழுதத் தொடங்கினேன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்ட உதவும்.)

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லி வேண்டும். பேத்தி முதலாளி இருந்தார். வெளியூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்தவர். முதல் வரைவில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடியும் குதிகால் செருப்பும் மாட்டிவிட்டேன். ஒட்டவில்லை. ஏனென்றால் ‘மேலாள் கீழாள் இல்லாத பட்டறை’ என்ற புதுக் கோட்பாட்டுக்காக அவர் முதலில் இடித்தது தன் சொந்தக் கண்ணாடி அறையை. அக்காவின் சம்பளத்தில் கைவைக்கவில்லை. மேசையைத்தான் கேட்டார். வில்லியே இப்படி நல்லவராக இருந்தால் எழுதுகிறவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

சனிக்கிழமை எல்லாரையும் கூட்டினார்.

“திங்கக்கிழமையிலிருந்து சூப்பர்வைசர்னு யாரும் கிடையாது. நாமளே பேசி முடிவெடுப்போம். சம்மதமா?”

பதினான்கு பேரும் ஒரே குரலில், “ஆகட்டூம் மேடம்.”

பேத்திக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா அக்கா, ஒருத்தர்கூட மறுக்கலை!”

பதினான்கு பேருமே மறுத்துவிட்டார்கள் என்று சொல்ல அக்காவுக்குத் தொண்டை வரை வந்தது. ஆனால் சொல்கிற வாய், மேசை போனால் நட்டப்படுகிற வாய். யார் நம்புவார்கள்? விழுங்கிவிட்டார்.

இன்னொன்றும் இருந்தது. அதை அவர் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. மேசைக்கு வருமுன் அவர் கம்பி முனையில் துணியைச் சேர்த்துத் தைத்தவர். அவர் போட்ட முடிச்சு காற்றில் அவிழ்ந்ததாக ஒரு புகார் வந்ததில்லை. மேசைக்கு வந்த பிறகு ஊசியைத் தொடவில்லை. ஆனாலும் பெஞ்சில் யாராவது நூல் கோத்தால், மேசைக்கு அடியில் அவருடைய கட்டைவிரல் தானாகச் சுட்டுவிரலை உரசும்.

6

திங்கட்கிழமை மேசை அங்கேயே இருந்தது. செவ்வாயும் புதனும் அப்படியே. பேத்தி தூக்கச் சொன்ன நாலு பேரும் இழுத்து ஓர் ஆகட்டூம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை பேத்தியே கையை மடித்துவிட்டுக்கொண்டு தள்ள வந்தார்.

“பாப்பா, கனம். அந்தப் பக்கம் நான் புடிக்கிறேன்” என்று அக்காவே எழுந்தார். நோட்டோடு சும்மா நின்ற என்னையும் நடுவில் பிடிக்க விட்டார்கள்.

கதவு வரை வந்தோம். நேராக நுழையவில்லை. பக்கவாட்டில் நுழையவில்லை. கவிழ்த்தும் பார்த்தாயிற்று; கதவு நிலைக்கும் மேசைக்கும் நடுவில் நான்தான் நுழைந்து மாட்டிக்கொண்டேன்.

“அப்ப இது உள்ள எப்படி வந்துச்சு?” பேத்திக்கு மூச்சு வாங்கியது.

“உங்க தாத்தா மேசையைப் போட்டுட்டுத்தான் சுவரே எழுப்பினாராம், பாப்பா.”

கம்பி மாட்டுகிறவர் பின்னாலிருந்து, “சுவரை எடுத்துரலாமா மேடம்? எல்லாரும் சமம்னதுக்கு அப்புறம் அது மட்டும் எதுக்குத் தனியா நிமிர்ந்து நிக்குது?” என்றார்.

பேத்தி தரையில் உட்கார்ந்து சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அப்ப சனிக்கிழமை எல்லாரும் ஆகட்டும்னது…?”

“ஆகட்டூம்” என்றார்கள் பதினான்கு பேரும். இந்த முறை அவருக்குக் கேட்டது. மறுபடி வெடித்துச் சிரித்தார்.

“சரி. வேற யாரையும் கேக்கப்போறதில்லை. அக்கா, நீங்களே சொல்லுங்க. மேசை பழைய இடத்துக்கே போகட்டும். நீங்களும் அங்கேயே இருங்க. என்ன?”

அக்கா மேசையைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். அங்கே ஒருவர் ஊசியும் கையுமாக வாய்பிளந்து நின்றார். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே அக்கா பதில் சொன்னார்.

என் நோட்டில் இருக்கிறது, நசுங்கிய கையெழுத்தில்: ‘அக்கா: ஆ.’

7

இப்போது திட்டுங்கள். சத்தத்தில் நீளம் என் காதில் விழவில்லை; என்னைக் கதவு நிலையிலிருந்து உருவி எடுத்ததும், மேசை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமலே வீடு திரும்பிவிட்டேன்.

குறுகிய சொல்லாக இருந்தால், மேசை திரும்பிப் போய் உட்கார்ந்தது. அக்காவும் பின்னால் உட்கார்ந்தார். பலகையில் முதல் முறையாக ‘அக்கா’ என்றே எழுதினார்கள். இழுத்த சொல்லாக இருந்தால், மேசையில் இன்று குடைகளை மடித்து அடுக்குகிறார்கள். அக்கா பெஞ்சில், விரலில் நூலோடு. இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் சிக்கல்.

(மூன்றாவது: பெருமழை பிடித்து ஆர்டர் குவிய, அக்கா இல்லாமல் பட்டறை தடுமாறி— இது ஆண்டு மலருக்கான முடிவு. அடித்துவிட்டேன்.)

அக்காவுக்கே போன் போட்டுக் கேட்டேன். “எழுதுறவர் நீங்க. பாத்து எழுதுங்க. எனக்கு வேலை கிடக்கு” என்று வைத்துவிட்டார். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். மேசையிலிருந்து பேசினாரா, பெஞ்சிலிருந்தா, தெரியவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் இரண்டில் ஒன்று செத்துவிடும் என்பதால், இப்போதெல்லாம் ஒரு தெரு சுற்றித்தான் போகிறேன்.

ஆகவே, வாசகரே, அந்தச் சொல்லை அக்காவாக இருந்து ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் வாயில் அது எவ்வளவு நீள்கிறதோ, அதுதான் முடிவு.

சங்கத்துச் செயலாளர் நேற்றும் கூப்பிட்டார். கட்டுரை அடுத்த வாரம் கட்டாயம் கைக்கு வந்துவிடும்தானே என்றார்.

“ஆகட்டூம் சார்” என்றேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்.