ஆறு பை மண்

போச்சம்பள்ளிப் பக்கம் யார் அளக்க வந்தாலும் மாதம்மாளுக்குச் சந்தேகம்தான். மேற்கே முன்பு இப்படித்தான் அளந்தார்கள். இன்று அங்கே கம்பெனிச் சுவர் நிற்கிறது. சுவருக்கு அடுத்த மாந்தோப்பு இவளுடையது. மேலே செம்மண், தோண்டினால் வெள்ளையாகச் சுண்ணாம்பு மண்.

இப்போது சுவாதி என்றொரு பெண் வந்தாள். பெங்களூரில் ஆராய்ச்சியாம். உலகத்தில் எங்கெங்கே என்னென்ன மண் இருக்கிறதென்று கணக்கெடுக்கிறார்களாம். ஆறு வீட்டுக்கு ஆளுக்கொரு பை கொடுத்து, அவரவர் காடு தோட்டத்தில் தோண்டி மண் எடுத்துவரச் சொன்னாள். அபூர்வமான மண் கிடைத்தால், அந்த இடத்தைத் தொடக்கூடாதென்று அரசாங்கத்துக்கு எழுதுவார்களாம்.

மாதம்மாள் இதை நம்பினால்தானே! மண்ணைப் பார்க்க எவளாவது பெங்களூரிலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவாளா? உதவாத மண் என்று எழுதிக் கம்பெனிக்குக் கைகாட்டத்தான் அவள் சிரித்துச் சிரித்துப் பேசுவதெல்லாம். நல்ல மண்ணென்று எழுதட்டும் என்று விடியற்காலையில் ஏரிக்குப் போய்க் கறுகறுவென்ற வண்டலைப் பையில் அடைத்தாள். கரையில் பக்கத்துக் காட்டுக் கரியப்பன் எதிர்ப்பட்டான். மாட்டைத் தேடுகிறேன் என்றான். அவன் மாட்டை விற்று வருடமாகிறது. பையை முந்தானையில் மறைக்கிற அவசரத்தில் அவள் அதைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மரத்தடியில் சுவாதி பைகளைக் கவிழ்த்தாள். பெயிண்ட் கடையில் காட்டுவது போன்ற வண்ணப் புத்தகத்தோடு ஒப்பிட்டாள். முதல் குவியல் கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. ஆறும் கறுப்பு. எல்லாவற்றிலும் நத்தை ஓடு.

"ரோட்டோரப் பள்ளத்துல செம்மண்ணுக்குக் கீழ வெள்ளையா ஒரு மண்ணு பார்த்தேன். அதைத் தேடித்தான் வந்தேன். இதெல்லாம் அவங்கவங்க காட்டு மண்ணுதானே?"

உண்மை மாதம்மாளின் தொண்டைவரை வந்தது. கரியப்பனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். இந்தப் பெண் தேடுகிற மண்ணைத்தான் கம்பெனியும் தேடுகிறதோ என்று ஒரு பயம். விழுங்கிவிட்டாள்.

"எங்கூர்ல இதாம்மா மண்ணு."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். இந்த மண் எல்லா ஊரிலும் இருக்கிறது, எழுத ஒன்றுமில்லை என்று சொல்லி, சுவாதி மண்ணையும் பைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மறு மாதம் வேறு ஆட்கள் டேப்போடு வந்து மாந்தோப்பில் இறங்கினார்கள். இது நல்ல மண்ணு என்று மாதம்மாள் மன்றாடினாள்.

அளந்தவன் நிமிரவில்லை. "மண்ணு எப்படி இருந்தா என்னம்மா? மேல காங்கிரீட்தான போடப் போறாங்க."

வீட்டுக்கு ஓடிச் சுவாதியின் போன் நம்பரைத் தேடினாள். அலமாரியில், அரிசிப் பானையில், சாமி படத்துக்குப் பின்னால்கூடப் பார்த்தாள். பிறகுதான் நினைவு வந்தது. நம்பர் அந்தப் பையில்தான் அச்சடித்திருந்தது.