காவக்காரியை அனுப்ப மாட்டேன்

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். ஒரு மத்தியானம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்ததுதான் நினைவிருக்கிறது. அடுத்து அவளுக்குத் தெரிந்தது, ஊரின் மறுகோடியில் போய்க்கொண்டிருந்த பேருந்தில் ஜன்னலோரம் தான் உட்கார்ந்திருந்ததுதான். நடுவில் நடந்த எதுவும் ஞாபகத்தில் இல்லை.

மறுநாள் முதலாளி கேட்டார். "நேத்து தோளத் தொட்டுக் கூப்பிட்ட கடைப் பையன ஏம்மா அந்தக் கிழி கிழிச்ச? அது உன் குரலே இல்ல."

அதைக் கேட்ட அண்ணன் பயந்துபோய் அவளை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனான். அந்த அம்மா அவசரப்படவில்லை. பல மாதங்கள் பேசிப் பார்த்துவிட்டுத்தான் நோயின் பெயரைச் சொன்னார். அவளுக்குள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி, கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் சின்னக் குழந்தை. இன்னொருத்தி, யார் நெருங்கினாலும் சீறுபவள். அவளுக்குக் காவக்காரி என்று இவளே பெயர் வைத்தாள்.

"அந்த ரெண்டு பேரையும் எப்ப டாக்டர் வெளிய அனுப்புவீங்க?" என்றான் அண்ணன்.

"வெளியிலேர்ந்து யாரும் வரலையே, அனுப்புறதுக்கு. தாங்க முடியாதது சின்ன வயசுல திரும்பத் திரும்ப நடந்திருக்கு. ஒரே ஆளா இருந்து தாங்க முடியாம மனசு பங்கு போட்டுக்கிட்டு தாங்கியிருக்கு."

"மாத்திரை?"

"தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரேன். இதுக்குன்னு தனி மாத்திரை கிடையாது. முதல்ல அவங்களுக்குப் பயமில்லாத இடம் வேணும். அப்புறம் உள்ள இருக்கிறவங்க ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சுக்கணும். பழச அதுக்கப்புறம்தான் தொடணும்."

அந்தப் பழசு என்ன என்று அண்ணனுக்குத் தெரியும். அவளே சொல்லியிருந்தாள். அப்படியிருந்தும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "பெரியப்பா வராரு. நம்ம வீட்லதான் தங்குவாரு," என்றான்.

அவள் டம்ளரைக் கீழே வைத்து, "அவரு இங்க வரக்கூடாது," என்றாள்.

"செத்த பாம்ப அடிக்காத. வயசான மனுஷன். டாக்டர்கிட்ட சொல்லி அந்தக் காவக்காரிய மட்டும் எப்படியாவது அனுப்பிடு, போதும்."

"அனுப்ப மாட்டேன். நீங்க யாரும் வராதப்ப அவதான் வந்தா."

பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி தலை குனிந்துகொண்டாள்.

பெரியப்பா பெட்டியோடு வந்து அழைப்பு மணியை அழுத்தினார். அவள்தான் கதவைத் திறந்தாள். உடம்பு தன்னை விட்டு நழுவப் பார்த்தது. மருத்துவர் பழக்கியபடி பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றினாள். மனசுக்குள் இருந்த குழந்தையைப் பின்னால் போகச் சொன்னாள். காவக்காரியிடம், 'பக்கத்துல நில்லு. நான் பேசுறேன்,' என்றாள். காவக்காரி நின்றாள்.

"என்ன கண்ணு, வழிய விடு," என்றார் பெரியப்பா.

"விட முடியாது. நீங்க எனக்கு என்ன பண்ணீங்கன்னு உங்களுக்குத் தெரியும். நான் இருக்கிற வீட்ல உங்களுக்கு இடமில்ல. போங்க."

பின்னால் அண்ணன் பதறினான். "ஏய், யாரு பேசுறது? நீயா, அவளா?"

"எல்லாரும்தான்."

பெரியப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முன்னால் வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அண்ணன் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். சிகிச்சை இன்னும் முடியவில்லை. சில நாட்களில் ஒரு மத்தியானப் பொழுது தொலைந்துதான் போகிறது. அன்று அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று உள்ளே கேட்கிறாள். இப்போதெல்லாம் காவக்காரி பதில் சொல்கிறாள்.