எண்பத்து மூன்று சதவீதம்

முத்திரைக்காரர் வீட்டு வாசலில் நிற்கும் சாம்பல் நிறச் சொகுசு செடானுக்கு வயது பதினெட்டு. ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர் எஞ்சின். புத்தகத்தில் போட்டிருக்கும் சக்தி இருநூற்று இருபத்தெட்டு குதிரைத்திறன். இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை. வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் அவரே சொல்லி முடித்திருப்பார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மனிதரின் வாழ்க்கையில், அடுத்த வீட்டுப் பல் டாக்டர் ஒரு புது செடானைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதே கம்பெனி, அதே வரிசை. ஆனால் நாலே சிலிண்டர், இரண்டே லிட்டர், கூடவே டர்போ. சக்தி இருநூற்று ஐம்பத்தைந்து. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் மதில் சுவர்தான் பெரியவர்கள் இருவருக்கும் பள்ளிக்கூடம், பட்டிமன்றம் எல்லாம்.

"ரெண்டு சிலிண்டரைக் குறைச்சுட்டு இருபத்தேழு குதிரையைக் கூட்டியிருக்கான் பாருங்க" என்பார் டாக்டர்.

"பல்லைப் பிடுங்கிட்டு, இனிமே நல்லா மெல்லலாம்னு சொல்ற மாதிரி இருக்கு" என்பார் முத்திரைக்காரர்.

"ஆயிரத்து அறுநூறு சுத்துலயே முழு இழுவையும் வந்துடுது. உங்களுது மூவாயிரத்தைத் தாண்டணுமே?"

"தாண்டட்டும். ரிட்டயர் ஆனவனுக்கு என்ன அவசரம்?"

இந்தப் பேச்சையெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள் முத்திரைக்காரரின் மருமகள். புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில் கழியும். வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். ஒத்துப்போகாது என்று சொந்தக்காரர்கள் சிலர் ஆவலோடு காத்திருந்தார்கள். பாவம், ஏமாந்தார்கள்.

ஒத்துப்போனதற்குக் காரணம் இருந்தது. அவர் எடை அளவு ஆய்வாளராக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் பெட்ரோல் பம்பையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லையென்றால் வழக்குதான். அண்ணன் தம்பி என்று பார்த்ததில்லை. போன கடையில் ஒரு வாய்த் தேநீர் குடித்ததில்லை. மருமகளுக்கோ பெரிய கார் ஒர்க்‌ஷாப்பில் டைனோ அறைதான் வேலை. காரை உருளைகள் மேல் ஏற்றி, பட்டைகளால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டு, சக்கரத்துக்கு எத்தனை குதிரைத்திறன் வந்து சேருகிறது என்று அளக்கும் அறை அது. கல்யாணமான புதிதில், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த கிரீஸ் வேலை?" என்று ஒரு சித்தி இழுத்தபோது முத்திரைக்காரர் ஒரே வார்த்தையில் வாயை அடைத்தார்.

"அவ அளக்கறவ. என் கட்சி."

அந்த வார்த்தையை அவள் பதக்கம் போல வைத்திருந்தாள். பெற்ற அப்பா கூட அவளுடைய வேலையைப் பற்றி அப்படி ஒன்று சொன்னதில்லை.

மதில் சுவர்ச் சண்டை ஒரு நாள் பந்தயத்தில் வந்து முடிந்தது. முத்திரைக்காரர்தான் ஆரம்பித்தார்.

"எத்தனை குதிரைங்கறது பேச்சே இல்ல டாக்டர். புத்தகத்துல சொன்னதுல எவ்வளவு சக்கரத்துக்கு வந்து சேருது, அதைப் பாப்போம். தராசு பெருசா சின்னதாங்கறது யாருக்கு வேணும்? அது சொல்றது நிஜமான்னுதான் பாக்கணும்."

"பாத்துடுவோம். உங்க மருமக அளந்தா எனக்குச் சம்மதம்" என்றார் டாக்டர்.

புத்தகத்தில் போடுவது எஞ்சினின் சக்தி. அது கியர்பெட்டி, அச்சு என்று கைமாறிச் சக்கரத்துக்கு வருவதற்குள் நூற்றுக்குப் பதினைந்தாவது வழியில் தொலையும். அது எந்த வண்டிக்கும் உள்ளது. அதற்கு மேல் தொலைந்தால், ஒன்று வயசு, இல்லையென்றால் வியாதி.

ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு கார்களும் வந்தன. டாக்டரின் புது வண்டி உருளையில் ஏறி அலட்டிக்கொள்ளாமல் இருநூற்று ஒன்பது காட்டியது. எண்பத்திரண்டு சதவீதம். அடுத்துப் பழைய வண்டியைக் கட்டினாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முத்திரைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மகள் மேடையேறுவதைப் பார்க்கும் தகப்பன் மாதிரி நின்றார். ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் பாடின. சத்தத்துக்குக் குறைவில்லை. திரையில் வந்த எண் நூற்று எழுபத்தொன்று.

எழுபத்தைந்து சதவீதம். அது கூடப் பரவாயில்லை. நாலாயிரத்து ஐந்நூறு சுற்றைத் தாண்டியதும் திரையில் சக்தியைக் காட்டும் கோடு சட்டென்று கீழே சரிந்தது. வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் அவள் அந்த நிமிஷமே மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பாள். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த முகம் இருந்தது.

காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் பழுதாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. அதனால் அந்த எண்ணை அவள்தான் கையால் அடித்துக்கொண்டிருந்தாள். மலை மேல் காற்று மெலிந்திருக்கும், எஞ்சின் திணறும். அது வண்டியின் குற்றமில்லை என்று கணினி தானாகவே கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். அவள் ஆயிரத்து எட்டு மில்லிபார் என்று அடிக்க வேண்டிய இடத்தில் தொள்ளாயிரத்துப் பத்து என்று அடித்தாள். அவ்வளவுதான், அறை முழுவதும் தொள்ளாயிரம் மீட்டர் உயர மலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நூற்று எழுபத்தொன்று நூற்று எண்பத்தொன்பது ஆனது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது.

"எண்பத்து மூணு!" என்றார் முத்திரைக்காரர். அச்சாகி வந்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டாக்டர் பெரிய மனதோடு கை கொடுத்தார். "ஒத்துக்கறேன் சார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னுதான்."

பொய் சொன்னவளுக்கு வருத்தம் உடனே வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. நாலு நாள் போனதும் சத்தமில்லாமல் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். ஆனால் அவள் பேச்செடுத்தபோதெல்லாம் மாமனார் சிரித்தார்.

"எண்பத்து மூணு போட்ட வண்டிக்கு எதுக்கும்மா வைத்தியம்?"

அவளுடைய எண்ணே அவளுடைய வாயை அடைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அவர், "ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பறேன். உன் நாத்தனாரையும் குழந்தையையும் நம்ம வண்டியிலயே கூட்டிட்டு வந்துடறேன்" என்றார். நாத்தனார் வீடு மலைக்கு அந்தப் பக்கம். இரண்டு மணி நேரம் ஏற்றம், ஒற்றைச் சாலை, முன்னால் எப்போதும் ஒரு லாரி. அதைத் தாண்ட எதிர்ப்பக்கம் ஏறி அழுத்தி மிதிக்கும்போதுதான் எஞ்சின் நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். அங்கேதான் அந்தக் கோடு சரிகிறது.

சொன்னால் "என் கட்சி" போய்விடும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தூக்கமும் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் அவர் புதிதாக வாங்கிய குழந்தை இருக்கையைப் பின்சீட்டில் பொருத்திக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி நுனிக்கு வந்திருந்தது. ஒரு கையில் விளக்கத் தாள், மறுகையில் பட்டை. அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அந்த எண்பத்து மூணு பொய். காத்தழுத்தத்தை நான் மாத்திப் போட்டேன்."

அவர் பட்டையை இழுப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"தாளோட அடியில பொடி எழுத்துல இருக்கே, தொள்ளாயிரத்துப் பத்துன்னு. அன்னிக்குப் பேப்பர்ல வானிலைப் பகுதியில ஆயிரத்து எட்டு. நாம என்ன மலை மேலயா குடியிருக்கோம்?"

"தெரிஞ்சும் ஏன் மாமா கேக்கல?"

அவர் காரிலிருந்து வெளியே வந்து நிமிர்ந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டார். மருமகளின் முகத்தைப் பார்க்காமல், மதில் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"எத்தனை கள்ளத் தராசு பிடிச்சிருப்பேன். ஒண்ணையும் விட்டதில்ல. இதை விட்டுட்டேன். டாக்டர் வந்து கை குடுத்தப்போ நல்லா இருந்துச்சும்மா. ஒன்பது நாள் சந்தோஷமா இருந்தேன். உன்கிட்ட கேட்டா அது போயிடும்னுதான் கேக்கல."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் இப்போது நேரமில்லை.

"எண் மட்டும் இல்ல மாமா. நிஜமா வந்தது எழுபத்தஞ்சு."

"எழுபத்தஞ்சா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ ரெண்டு மூணு கூட்டியிருப்பன்னு நினைச்சேன்."

"மேல் வேகத்துல பெட்ரோல் போய்ச் சேரல. பம்ப் போகுதுன்னு நினைக்கறேன். ஏத்தத்துல லாரியைத் தாண்டும்போது மிதிச்சா, வண்டி பாதியில நின்னுடும்."

அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பொருத்தி முடித்த இருக்கையில் சின்னச் சின்னப் பூ போட்ட துணி. அதன் விளிம்பில் அவர் கை அப்படியே நின்றது. பிறகு, அவள் மருமகளாக வந்த இந்த நாலு வருஷத்தில் முதல் முறையாக, அவளிடம் குரலை உயர்த்தினார்.

"இதை அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா தாள் பொய்னு தெரிஞ்சுடுமேன்னு பயந்தேன் மாமா."

"குழந்தைம்மா. குழந்தையை உக்கார வைக்க இருந்தேன்."

"தெரியும் மாமா."

அவர் கோபத்தில் நாலு அடி நடந்தார், திரும்பி வந்தார். மறுபடியும் நாலு அடி நடந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் விசிலடித்தபடி தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டிருந்தா அன்னிக்கு ராத்திரியே நீ சொல்லியிருப்ப" என்றார் முத்திரைக்காரர். குரல் இறங்கியிருந்தது. "சொல்லியிருப்பதானே?"

"சொல்லியிருப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். காருக்குள் குனிந்து, அரை மணி நேரமாகப் போராடிப் பொருத்திய இருக்கையைக் கழற்றி எடுத்தார். அவளிடம் கொடுத்துவிட்டு மகளுக்குப் போன் போட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"நாளைக்குக் கார்ல வரலம்மா. ரயில்ல வரேன். ரயில்லயே கூட்டிட்டு வந்துடறேன்."

"ஏன்ப்பா? எண்பத்து மூணு சதவீதம், எண்பத்து மூணு சதவீதம்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்களே?"

"அது பொய்ம்மா."

அப்பா என்கிற மனிதரின் வாயிலிருந்து அந்த வார்த்தை அவரைப் பற்றியே வரும் என்று அந்த மகள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

"பொய்யா? யாருப்பா சொன்னா?"

மருமகள் இருக்கையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, போனுக்காகக் கை நீட்டினாள். அவர் போனைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

"நானும் உன் அண்ணியும் சேர்ந்து சொன்னோம்" என்றார். "இப்ப ரெண்டு பேரும் டாக்டர் வீட்டுக்குத்தான் கிளம்பறோம். போயிட்டு வந்து பேசறேன்."