நம்பர் இல்லாத வண்டி

எங்கள் கம்பெனியில் சைக்கிள் என்பது வண்டி இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 'பதிவெண் உள்ள இருசக்கர வாகனங்கள் மட்டுமே வளாகத்துக்குள் அனுமதிக்கப்படும்' என்று வாசலில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையே சொல்லிவிட்டது. காவலாளி வீரையா அண்ணனிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். பெயர், நேரம், வண்டி எண், கையெழுத்து என்று நாலு கட்டம். மூன்றாவது கட்டத்தில் எழுத எங்களிடம் ஒன்றும் கிடையாது.

"நம்பர் இல்லாத வண்டிய நான் எங்கனத்தா எழுதுறது? எழுதாம உள்ள விட்டா என் வேல போயிரும்" என்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

முதுகுளத்தூருக்குக் கிழக்கே பொட்டல்காட்டில் இருக்கிற மிளகாய்க் கம்பெனி அது. சுற்றுப்பட்டியில் விளைகிற குண்டு மிளகாயை வாங்கி, காம்பு கிள்ளி, தரம் பிரித்து, பொடியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். எனக்கு ஸ்டோரில் வேலை. கையுறை, தலைக்குல்லா, சாக்கு, நட்டு, போல்ட்டு என்று யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலை காலை எட்டு மணிக்கு. எங்கள் ஊர்ப்பக்கம் வருகிற முதல் பஸ் எட்டே முக்காலுக்கு. அதனால் நாங்கள் பதினோரு பெண்கள் சைக்கிளில் வந்தோம். என்னுடையது பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள்.

உள்ளே விடாத சைக்கிளை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் சீமைக்கருவேல மரங்களுக்கு அடியில்தான் நிறுத்த வேண்டும். அந்த மரத்துக்கு நிழல் கொஞ்சம், முள் நிறைய. சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது பதினொன்றில் நாலு வண்டியாவது பஞ்சர் ஆகியிருக்கும். சில முள் இன்னும் பொல்லாதது. டயரில் ஏறி அமைதியாக உட்கார்ந்துகொண்டு, மறுநாள் காலையில் பாதி வழியில்தான் காற்றை விடும். ஆடுகள் வந்து சீட்டு உறையை மென்று பார்த்துவிட்டுப் போவது தனிக்கதை.

மேனேஜர் முத்துகிருஷ்ணன் சாரிடம் ஒருமுறை கூட்டமாகப் போய்க் கேட்டோம். மதுரைக்காரர், நல்லா உடுத்துவார், நல்லாப் பேசுவார். சைக்கிள் டயரில் ஆட்டுப் புழுக்கை ஒட்டிக்கொண்டு வரும், இது உணவுப்பொருள் தயாரிக்கிற இடம் என்றார். மோட்டார் சைக்கிள் டயரில் ஒட்டாதா சார் என்று கேட்டேன். "அது ஆர்.சி. புக் உள்ள வண்டிம்மா" என்றார். ஆர்.சி. புக்கைப் பார்த்ததும் புழுக்கை பயந்து விலகிவிடும் போலிருக்கிறது. சரி, வெளியிலாவது ஒரு தகரக்கூரை போட்டுக் கொடுங்கள் என்றோம். அதற்கு பட்ஜெட்டில் இடமில்லை என்றார்.

காம்பு கிள்ளுகிற முருகலட்சுமி அக்கா மட்டும் விடவில்லை. தன் செல்போன் நம்பரைப் பின் மட்கார்டில் வெள்ளை பெயிண்டால் எழுதிக்கொண்டு வந்தது. வீரையா அண்ணன் பத்து இலக்கத்தையும் நோட்டில் எழுதி உள்ளே விட்டார். மத்தியானம் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு சிவப்பு மையில் அடித்தார். அக்கா சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போய் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்திருக்கும், லேட் கணக்கு ஒன்று இல்லாமல் இருந்தால். ஆறு மாதத்துக்குள் மூன்று லேட் விழாமல் வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரமானவர்களுக்கு ஊருக்கே கம்பெனி வேன் வரும். மூன்றாவது லேட் விழுந்துவிட்டால் ஆறு மாதமும் முதலிலிருந்து. முருகலட்சுமி அக்கா நாலாவது தடவையாக முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. எனக்கு ஐந்தரை மாதம் முடிந்து, இரண்டு லேட் விழுந்திருந்தது. இரண்டும் முள்ளால். மீதி பதினைந்து நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் அய்யா பொன்னுச்சாமி மிளகாய் போடுகிறவர். ஒரு விடியற்காலையில் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து முனியசாமியைக் கும்பிட்டு, என் சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டிவிட்டார். மகளுக்கு வேலை நிரந்தரமானால் காசைக் கோயிலில் சேர்ப்பதாக நேர்த்தி. வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் கட்டியிருக்கலாமே அய்யா என்றேன். "தொந்தரவு பண்றது இந்த வண்டிதான, அதுலதான் கட்டணும்" என்றார்.

கட்டிய நாலாம் நாள் பாதி வழியில் முன் டயர் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினேன். கம்பெனி வாசலுக்கு வரும்போது எட்டு மணிக்கு இன்னும் நாலு நிமிடம். விரல் வைக்கிற மிஷின் உள்ளே இருநூறு அடி தள்ளி இருக்கிறது. காம்பு கிள்ளித் தேய்ந்த விரல்களை மூன்று தடவை வைக்கச் சொல்கிற மிஷின், முன்னால் எப்போதும் வரிசை நிற்கும். ரோட்டைக் கடந்து முள்மரத்தடியில் நிறுத்திவிட்டு வந்தால் நிச்சயம் லேட். அந்த நேரம் லாரிக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் யோசிக்கவில்லை. சைக்கிளோடு உள்ளே ஓடி, மேனேஜர் கார் நிற்கிற வேப்பமரத்தடியில் சாத்திவிட்டு, வரிசையில் நுழைந்து விரலை வைத்தேன். ஏழு ஐம்பத்தொன்பது.

திரும்பி வந்து பார்த்தால் வீரையா அண்ணன் என் சைக்கிளைத் தூக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நிற்கிறார். கண் ஹேண்டில்பாரில் இருந்த மஞ்சள் துணியில். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏத்தா துர்கா, இது சாமிக்கு நேர்ந்த வண்டியா?"

நேர்ந்தது காசுதான், வண்டி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லியிருந்தால் வண்டி வெளியே போகும், விதியை மீறி நுழைந்ததற்கு மெமோ வரும், மெமோ வந்தால் நிரந்தரம் போகும்.

"ஆமாண்ணே" என்றேன்.

"எந்தச் சாமி?"

"முனியசாமி."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ரெண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். அன்று முழுக்க என் சைக்கிள் வேப்பமர நிழலில் நின்றது. ஸ்டோர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு 'ஆமா'வில் காரியம் முடிந்ததே, இது தெரியாமல் மேனேஜரிடம் போய்க் கெஞ்சினோமே என்று நினைத்தேன்.

சாயங்காலம் பஞ்சர் ஒட்டத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று வந்தால் வண்டிக்கு மாலை போட்டிருக்கிறது. மணிக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம், மட்கார்டில் திருநீற்றுப் பட்டை, குங்குமம். காம்பு கிள்ளுகிற பெண்கள் நாலைந்து பேர் கும்பிட்டு நின்றார்கள். நான் ஸ்டாண்டை எடுத்தேன். வீரையா அண்ணன் குறுக்கே வந்தார்.

"என்னத்தா பண்ற?"

"வீட்டுக்குப் போறேண்ணே."

"போத்தா, நான் வேண்டாங்கல. வண்டிய ஏன் தொடுற? நேர்ந்துவிட்ட கெடாவ யாராச்சும் கசாப்புக் கடைக்கு ஓட்டுவாகளா? நேர்ந்த வண்டில காலத் தூக்கிப் போட்டு மிதிப்பியா?"

"காலைல நான்தான ஓட்டிட்டு வந்தேன்."

"ஓட்டிட்டு வந்தியா? பாதி வழியில காத்த எறக்கி, உன்ன எறங்கித் தள்ள வச்சு, தானா வந்து வேப்பமரத்தடியில நின்னுருக்கு. இன்னும் என்ன சாட்சி வேணும்?"

பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். முருகலட்சுமி அக்காவும் ஆட்டியது.

அன்று ஏழு கிலோமீட்டர் நடந்தேன். வீட்டில் அய்யாவிடம் நடந்ததைச் சொல்லி, நாளைக்கு வந்து அது வெறும் காசு நேர்த்திதான் என்று சொல்லுங்கள் என்றேன். அய்யா கேட்டார்.

"சாமிக்கு நேர்ந்ததான்னு அவரு கேட்டாரு. நீ ஆமான்னுட்ட. சாமி பேரயும் சொல்லிட்ட?"

"ஆமா."

"அப்ப நேர்ந்ததுதான். சொன்ன வாய் சொன்னதுதான். நாளைக்கு நானும் ஒரு மாலை வாங்கித் தாரேன், கொண்டு போ."

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் கார் நிறுத்துகிற இடத்தில் சைக்கிள் நிற்கிறது, எடுக்கச் சொன்னால் வீரையாவும் மாட்டேன் என்கிறார், லாரி டிரைவரும் மாட்டேன் என்கிறார். முத்துகிருஷ்ணன் சார் இதற்கெல்லாம் பயப்படாதவர் மாதிரிதான் பேசினார். ஆனால் அவர் காரிலும் பச்சை மிளகாயோடு எலுமிச்சம்பழம் தொங்குவதை நான் தினமும் பார்க்கிறவள்.

"இங்க பாரும்மா, நேரா கேக்குறேன். பொய் சொல்லி வண்டிய உள்ள கொண்டு வந்திருந்தா அது ஒழுங்கு நடவடிக்கை. உண்மையிலேயே நேர்ந்ததுன்னா, அது வேற விஷயம். நேர்ந்ததா?"

"நேர்ந்தது சார்."

அவர் மூச்சு விட்டார். எனக்கு முன்னால் அவருக்குத்தான் நிம்மதி.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எங்கள் கம்பெனி வேகத்துக்குப் புதிது. வெயிலில் சாமி நிற்கிறது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். மூன்றே நாளில் கூரை வந்தது. எட்டுத் தகரம், நாலு இரும்புக்குழாய், இருபத்துநாலு போல்ட்டு, எல்லாம் என் ஸ்டோரிலிருந்து என் கையால் எடுத்துக் கொடுத்தேன். கீழே சிமெண்ட் தளம், சுற்றி முட்டியளவு கம்பித்தடுப்பு. நாங்கள் கேட்டது வெறும் தகரம்தான், முனியசாமிக்கு டைல்ஸே ஒட்டினார்கள். கார் வெயிலுக்குப் போனது. பதினோரு சைக்கிள் தாராளமாக நிற்கிற இடத்தில் காற்றில்லாத டயரோடு என் சைக்கிள் தனியாக நின்றது.

அந்த வாரக் கடைசியில் வெளிநாட்டுக் கொள்முதல்காரர்கள் சார்பில் ஒருவர் ஆய்வுக்கு வந்தார். அவர் கையில் ஒரு படிவம். சைக்கிளில் வருகிற தொழிலாளர்களுக்குக் கூரையுள்ள நிறுத்துமிடம் உண்டா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. மேனேஜர் முகம் ஒரு கணம் வெளுத்தது, அடுத்த கணம் தெளிந்தது. வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். வந்தவர் மாலையையும் எலுமிச்சையையும் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார்.

"எங்க தொழிலாளர்கள் சைக்கிளைத் தெய்வமா மதிக்கிறவங்க சார்" என்றார் மேனேஜர். வந்தவர் உருகிப்போய் நாலைந்து படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம், சைக்கிள் கொட்டகை அமைத்ததற்காகச் சுற்றுச்சூழல் பாராட்டுச் சான்றிதழ் ஒன்று சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டது.

நான் தினமும் ஆறு மணிக்குக் கிளம்பி நடந்தே வந்தேன். காலுக்குப் பஞ்சர் ஆகாது, அது ஒன்றுதான் வசதி. லேட் விழவில்லை. ஆறு மாதம் முடிந்த அன்று நிரந்தர உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். அய்யா வந்து மஞ்சள் துணியை அவிழ்த்துக் காசைக் கோயிலில் சேர்த்தார். சைக்கிளை அவரும் நகர்த்தவில்லை, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாளிலிருந்து எங்கள் ஊருக்கு வேன் வந்தது.

வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த இரண்டாவது வாரம், வழியில் முருகலட்சுமி அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். வேன் நிற்காது. நிரந்தரமானவர்களுக்கு மட்டும் என்பது டிரைவருக்குத் தெரியும். அக்காவுக்கு அது இரண்டாவது லேட். நாலாவது ஆறு மாதத்தில் இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி.

மத்தியானம் அக்கா ஸ்டோருக்கு வந்தது. கையுறை கேட்க வந்ததாக முதலில் சொன்னது. பிறகு குரலைத் தாழ்த்தியது.

"துர்கா, நீ சொன்னா கேப்பாக. அந்தத் தகரத்துக்கு அடியில எம்புட்டு எடம் சும்மா கெடக்கு. சாமி ஒரு ஓரமா நிக்கட்டும். நாங்க பத்துப் பேரும் இன்னொரு ஓரமா நிறுத்திக்கிறோம். உன் வண்டிதான, நீ மேனேஜர்ட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

சொல்ல வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். அது சாமி வண்டி இல்லை, நான் சொன்னது பொய் என்று சொன்னால் போதும். மாலையும் தடுப்பும் போய்விடும், சான்றிதழில் எழுதியிருக்கிறபடி அது சைக்கிள் கொட்டகையாகவே ஆக வேண்டியதுதான். கூடவே என் மெமோவும் வரும், வேனும் போகும். அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் அலமாரியில் கையுறையைத் தேடினேன்.

"சாமி கோவிச்சுக்கும்க்கா" என்றேன்.

அக்கா என்மேல் கோபப்படும் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது பதறிப்போய் ரெண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டது.

"ஆமா ஆமா, நான் ஒரு கிறுக்கி. கேட்டுருக்கக் கூடாது. நீ மனசுல வச்சுக்கிறாத."

வாங்கிய கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக வேப்பமரத்தடிக்குப் போனது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, தடுப்புக்கு வெளியே வெயிலில் நின்று என் சைக்கிளைக் கும்பிட்டது. இன்னும் பன்னிரண்டு நாள் லேட் விழாமல் காப்பாற்று என்று அது வாய்விட்டுக் கேட்டது ஸ்டோர் வரைக்கும் கேட்டது. கும்பிட்டு முடித்துத் திரும்பி, என்னைப் பார்த்து நீயும் வேண்டிக்கொள் என்று ஜாடை காட்டியது. நான் கையைக் கூப்பினேன்.