ஊரிகம் ஸ்டேஷனில் இடியாப்பம்

யோகமலரை வேலையை விட்டு நிறுத்தியபோது யாரும் சத்தம் போடவில்லை. பெங்களூரு கார்மெண்ட்ஸ் கம்பெனியின் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, நீங்கள் இந்த நாட்டுக்காரர் இல்லையாமே, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மரியாதையாகவே சொன்னார். தைத்த சட்டைகளில் குறை பார்க்கும் செக்கர் வேலை அவளுடையது. மறுநாள் அந்த மேசைக்கு, அவளோடு வேலைசெய்த இந்து என்பவள் வந்தாள்.

மன்னாரிலிருந்து படகில் வந்தபோது யோகமலர் சின்னப் பிள்ளை. தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தாள். அங்கே பெயிண்ட் அடிக்க வந்த வாசுவைக் கட்டிக்கொண்டு ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்கு வந்தபின், இந்த ஊர்ப் பேச்சையும் கொஞ்சம் கன்னடத்தையும் பழகிக்கொண்டாள். விடியற்காலை ரயிலில் பெங்களூருவுக்குக் கூட வரும் பெண்கள் அவளை வேலூர்ப் பக்கம் என்றே நினைத்திருந்தார்கள். இந்துவுக்கு மட்டும் தெரியும். முகாமிலிருந்த அம்மாவோடு போனில் இலங்கைத் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒருநாள் அவள் விசாரித்தாள். யோகமலருக்கு மறைக்கத் தோன்றவில்லை. ஆரம்பத்தில் தப்பாகத் தைத்துத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்த இந்துவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

"உன்னை யாரு எல்லாத்தையும் சொல்லச் சொன்னது? வாயை மூடினு இருந்திருந்தா வேலை இருந்திருக்கும்" என்றான் வாசு. மேனேஜர் சொன்னதைவிட அதுதான் அவளுக்கு எரிந்தது.

ராபர்ட்சன்பேட்டைத் துணிக்கடை ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்ததும் வேறு ஆள் கிடைத்துவிட்டது என்றார்கள். அதன்பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கணவரின் பென்ஷனில் தனியாக வாழும் பக்கத்து வீட்டுப் பார்வதம்மா ஒரு காலையில் வந்து, அணைந்த அடுப்பைப் பார்த்துத் திட்டினாள். அன்று யோகமலர் தன் அம்மா செய்வதுபோல இடியாப்பம் அவித்து, தேங்காய்ச் சம்பல் இடித்து, அவளுக்கும் கொடுத்தாள். இதை ஸ்டேஷனில் விற்றால் ரயிலுக்குப் போகும் பெண்கள் விடமாட்டார்கள் என்றாள் பார்வதம்மா.

கூடப் பயணம் செய்தவர்கள் முன்னால் கூடையோடு போய் நிற்பதை நினைத்தால் உடம்பு கூசியது. ஆனாலும் போனாள். முதல்நாள் குனிந்த தலை நிமிராமல் கட்டிக் கொடுத்தாள். சமைக்க நேரமில்லாமல் ஓடிவருபவர்கள் அவர்கள். கொஞ்ச நாளில் ரயில் வருமுன்பே கூடை காலியானது. எங்கே கற்றாய் என்று கேட்டவர்களிடம் இலங்கை என்றாள். இனி மறைத்துக் காப்பாற்ற என்ன இருக்கிறது?

இந்து தள்ளியே நிற்பாள். வேறு பெண்ணை அனுப்பி வாங்கிக்கொள்வாள். ஒருநாள் நேரே வந்தாள்.

"அக்கா, மேனேஜர் உன்னைப் பத்திக் கேட்டாரு. நான் இன்னா பண்றது, சொல்லிட்டேன். என் நிலைமை உனக்குத் தெரியாதா?"

யோகமலர் பொட்டலத்தைக் கட்டி நீட்டினாள். "சாப்பாடு வேணுமெண்டா தாறன். வேற கதை வேண்டாம்."

இந்து அழுதாள். யோகமலருக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் இல்லை. இப்போதும் இந்து தினமும் வாங்குகிறாள், இருவரும் பேசுவதில்லை.

மழைக்காலத்தில் கூடையோடு நிற்க முடியாமல் ஸ்டேஷன் பக்கத்தில் சின்னக் கடை ஒன்று எடுத்தார்கள். யோகமலரிடம் இந்த நாட்டுக் காகிதம் இல்லாததால் வாடகைப் பத்திரமும் லைசென்சும் வாசுவின் பெயரில்தான் எடுக்க முடிந்தது. போர்டும் 'வாசு இடியாப்பக் கடை' ஆனது. திறப்பு நாளில் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அவனுக்கு மாலை போட்டு, நல்ல உழைப்பாளி என்று பாராட்டினார்கள். வாசு வெட்கத்தோடு சிரித்தான். இல்லை என்று சொல்லவில்லை.

பார்வதம்மா அடுப்படிக்கு வந்தாள். "இன்னாடி, உன் பேரை ஒருத்தரும் சொல்லலியே?"

"சொல்லாட்டித்தான் கடை நிக்கும்" என்று சொல்லிவிட்டு, யோகமலர் இடியாப்ப உரலில் அடுத்த மாவை அடைத்தாள்.